பழைய நாணயங்களைச் சுத்தம் செய்யலாமா?

கேள்வி:
சேகரிப்பில் உள்ள இரண்டு வெள்ளி நாணயங்கள் நன்றாகக் கறுத்துவிட்டன. இன்னொரு வெள்ளி நாணயம் நெடுநாள் மெத்தென்ற பிளாஸ்டிக் உறையில் இருந்தது. அதன் மேல் பச்சையாகப் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. ஒரு செம்புக் காசில் வெளிர்பச்சைப் பொடி புள்ளி புள்ளியாக வருகிறது, துடைத்தாலும் மறுபடி வருகிறது. எலுமிச்சைச் சாறும் பேக்கிங் சோடாவும் போட்டுத் தேய்க்கலாமா?

பதில் 1:
இரண்டுமே வேண்டாம். சோடாத்தூள் மேற்பரப்பில் மயிரிழைக் கீறல்களை உண்டாக்கும். எலுமிச்சை செம்பை அரித்து, இயல்புக்கு ஒவ்வாத இளஞ்சிவப்பாக்கிவிடும். அச்சடிக்கும் அழுத்தத்தில் உலோகம் பரவும்போது விழும் நுண்வரிகளில்தான் நாணயத்தின் பளபளப்பே இருக்கிறது. அவை தேய்ந்தால் திரும்ப வராது. பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற தரச்சான்று நிறுவனங்கள் தேய்த்துச் சுத்தம் செய்த நாணயத்துக்குப் பொதுவாக எண் தரம் (நிலையை எண்ணால் குறிக்கும் மதிப்பெண்) தருவதில்லை.

வெள்ளியின் கறுப்பு, காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் படிந்த வெள்ளி சல்பைடு. அந்த இரண்டையும் தொடாதீர்கள்.

பதில் 2:
பிசுபிசுப்பு வேறு கதை, அதை விட்டுவைக்கக் கூடாது. பிவிசி எனும் மெத்தென்ற பிளாஸ்டிக் உறை சிதையும்போது வெளிவரும் அமிலம் உலோகத்தை அரிக்கும். தூய அசிட்டோன் வாங்குங்கள். நகப்பூச்சு நீக்கி உதவாது, அதில் எண்ணெயும் வாசனைப் பொருளும் கலந்திருக்கும். கண்ணாடிக் கிண்ணத்தில் நாணயம் மூழ்கும் அளவு ஊற்றி, மூடி, ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். பிசுக்கு தடிமனாக இருந்தால் இரவு முழுக்க. விளிம்பைப் பிடித்து எடுத்து, காயுமுன் இரண்டாவது கிண்ணத்தில் புது அசிட்டோனில் அலசுங்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அலசாமல் காயவிட்டால், கரைந்த பிசுக்கு மெல்லிய படலமாக மறுபடி ஒட்டிக்கொள்ளும். பிறகு தானாக உலரட்டும், துடைக்க வேண்டாம். ஏற்கெனவே அரித்த குழி போகாது. அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், ஜன்னலைத் திறந்துவைத்து, நெருப்புக்குத் தள்ளி வேலை செய்யுங்கள்.

பதில் 3:
செம்புக் காசுதான் அவசரம். கெட்டியாக ஒட்டியிருக்கும் பச்சைப் படிவம் என்றால் விட்டுவிடலாம். பொடியாக உதிர்ந்து திரும்ப வருவது பெரும்பாலும் குளோரைடு அரிப்பு. உள்ளே இருக்கும் செம்புக் குளோரைடு ஈரத்தோடு சேர்ந்து ஹைட்ரோகுளோரிக் அமிலமாகிறது, அது புதிய செம்பை அரித்து மீண்டும் குளோரைடாகிறது. வெறுமனே துடைத்து இதை நிறுத்த முடியாது.

காசைத் தனியே வையுங்கள். உருப்பெருக்கியின் கீழ் மரப் பல்குச்சியால் பொடியை மட்டும் எடுங்கள். ஒரு லிட்டர் வாலைவடி நீரில் 50 கிராம் சோடியம் செஸ்குவிகார்பனேட் (மென்காரத்தன்மை உள்ள உப்பு) கரைத்து, அதில் ஊறவைத்து, வாரம் ஒருமுறை கரைசலை மாற்றுங்கள். பல வாரம் பிடிக்கும், காசின் நிறம் சற்று மாறவும் கூடும். கடைசியில் வாலைவடி நீரில் பலமுறை அலசி, அசிட்டோனில் முக்கி ஈரத்தை எடுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரைடு இருக்கும், பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. கறுத்த வெள்ளிக்கு, முக்கி எடுத்துக் கறுப்பை நீக்கும் 'டிப்' திரவம் கூடவா கூடாது?

பதில் 1:
அதில் தயோயூரியாவும் அமிலமும் இருக்கும். கறுப்போடு வெள்ளியின் மேல்படலத்தையும் சிறிது கரைத்துக்கொண்டுதான் போகும். இரண்டு மூன்று முறை முக்கினால் நாணயம் உயிரற்ற சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். கறுப்பு அடர்ந்திருந்தால் அடியில் மேற்பரப்பு ஏற்கெனவே கெட்டிருக்கும், எடுத்தால் அதுதான் தெரியும். பிவிசி கலக்காத மைலார் (பாலியெஸ்டர் படலம்) உறைக்கு மாற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத பெட்டியில் வையுங்கள். செம்புக் காசு இருக்கும் பெட்டியில் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும்.