அறுவை சிகிச்சைக்குப் பின் அப்பத்தாவுக்கு வந்த திடீர்க் குழப்பம்: பழையபடி ஆவார்களா?

கேள்வி (பேரன், கானாடுகாத்தான்)

எங்கள் அப்பத்தாவுக்கு வயது 81. சென்ற வாரம் முற்றத்தை ஒட்டிய ஈரத் தரையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்ததால், மதுரையில் ஒரு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. மறுநாள் நன்றாகவே பேசினார்கள். இரண்டாம் நாள் இரவில், கட்டிலைச் சுற்றியிருந்த பச்சைத் திரையைக் காட்டி, "பட்டாலையில் (வீட்டுக் கூடத்தில்) யாரோ நிற்கிறார்கள், விளக்கைப் போடு" என்றார்கள். என் அப்பச்சியை (அப்பாவை)ப் பார்த்து யாரென்று கேட்டார்கள். குளுக்கோஸ் ஊசியைப் பிடுங்கப் பார்த்தார்கள். என்னை மிகவும் கலங்க வைத்தவை அவர்களுடைய கைகள். போர்வை ஓரத்தை இரண்டு விரல்களால் கிள்ளி, மடித்து, இழுத்து, மறுபடியும் கிள்ளி, பனையோலையில் கொட்டான் முடைவது போலவே விடியும்வரை செய்துகொண்டிருந்தார்கள். பகலில் ஓரளவு தெளிகிறார்கள். விளக்கு வைக்கும் நேரமானால் மறுபடியும் தொடங்கிவிடுகிறது. மறதி நோய் என்கிறார் ஒருவர். மயக்க மருந்து கூடிப்போனது என்கிறார் இன்னொருவர். அத்தை பிள்ளையார்பட்டிக்கு நேர்ந்துகொண்டிருக்கிறார்கள். கையைக் கட்டட்டுமா, தூக்க ஊசி போடட்டுமா என்று இரவுப் பணியாளர்கள் கேட்கிறார்கள். நாங்கள் என்ன சொல்வது?

பதில் 1 (ஓய்வுபெற்ற செவிலியர், தேவகோட்டை)

தம்பி, இதற்கு டெலிரியம் என்று பெயர். மறதி நோய் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வருவது. இது ஓரிரு நாளில் வந்து, ஒரே நாளுக்குள் ஏறி இறங்குவது. போர்வையைக் கிள்ளுவதும் இதில் பார்க்கக்கூடிய அடையாளந்தான். முதிய உடம்பில் ஏதோ ஒன்று சரியில்லை என்பதை மூளை இப்படித்தான் முதலில் காட்டும். ஆகவே, எப்படி அடக்குவது என்று கேட்பதற்கு முன்னால், எதனால் வந்தது என்று கேளுங்கள். காய்ச்சலோ நெஞ்சுச் சளியோ இருக்கிறதா, இரத்தத்தில் சோடியமும் ஆக்சிஜனும் குறைந்திருக்கின்றனவா, தண்ணீர் போதுமான அளவு உள்ளே போகிறதா, சிறுநீர் அடைத்திருக்கிறதா, மலம் கழித்து எத்தனை நாள் ஆயிற்று, வலி இருந்தும் சொல்லத் தெரியாமல் படுத்திருக்கிறார்களா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீர்க் குழாய் இனியும் தேவையா என்று தினமும் கேளுங்கள். கொடுக்கும் மருந்துகளின் பட்டியலை வாங்கிப் பாருங்கள். அரிப்புக்கும் ஒவ்வாமைக்கும் சாதாரணமாகப் போடும் அவில் போன்ற மருந்துகளும், டயஸிபாம் வகைத் தூக்க மருந்துகளும் முதியவர்களின் குழப்பத்தைக் கூட்டும். வீட்டில் பல ஆண்டுகளாகத் தூக்க மாத்திரை போட்டு வந்தவர்களாக இருந்தால், அது திடீரென்று நின்றதும் காரணமாகலாம். அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

கையைக் கட்ட ஒப்புக்கொள்ளாதீர்கள். கட்டினால் பயமும் திமிறலும் கூடத்தான் செய்யும். அவர்களுக்கோ பிறருக்கோ ஆபத்து என்ற நிலையில் மட்டும், வேறு வழியில்லாதபோது, மருத்துவர் குறைந்த அளவில் மருந்து கொடுப்பார். மற்றபடி பழகிய முகம் ஒன்று இரவும் பகலும் பக்கத்தில் இருப்பதுதான் பெரிய வைத்தியம். கண்ணாடி, பல்செட், காதுக் கருவி மூன்றும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். பகலில் திரையை விலக்கி வெளிச்சம் வரவிட்டு, மருத்துவர் அனுமதித்தவுடன் எழுப்பி உட்கார வையுங்கள். "திரையில் யாருமில்லை" என்று வாதாடாமல், "நான் இருக்கிறேன், இது மதுரை ஆஸ்பத்திரி, காலில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது" என்று எத்தனை முறை கேட்டாலும் அமைதியாகச் சொல்லுங்கள்.

பதில் 2 (புதுவயல்)

சத்தம் போடுகிற அப்பத்தாவை எல்லோரும் கவனிக்கிறார்கள் என்பதே ஒரு விதத்தில் நல்லது. என் அப்பச்சிக்கு குடல் அறுவை சிகிச்சை ஆனபோது அவர் கூச்சலே போடவில்லை. கண்ணை மூடியபடி கிடந்தார், கேட்டதற்கு அரைச் சொல்லில் பதில் சொன்னார், வாயில் வைத்த கஞ்சியை விழுங்க மறந்து அப்படியே வைத்திருந்தார். களைப்பு, தூங்கட்டும் என்று நாங்களும் விட்டோம், அந்த மருத்துவமனையிலும் விட்டார்கள். மூன்றாம் நாள்தான் நுரையீரலில் தொற்று என்று தெரிந்தது. இப்படி அடங்கிக் கிடப்பதும் டெலிரியம்தான் என்று அன்றே யாராவது சொல்லியிருந்தால் இரண்டு நாள் வீணாகியிருக்காது. உங்கள் அப்பத்தா திடீரென்று அமைதியானால், சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

பதில் 3 (பொது மருத்துவர், திருப்பத்தூர்)

செவிலியர் ஆச்சி சொன்னதற்கு மேல் இரண்டு விஷயங்கள். முதலாவது மயக்க மருந்தைப் பற்றியது. இடுப்பு எலும்பு முறிந்த முதியவர்களை முதுகுத் தண்டில் மரத்துப்போக ஊசி போடப்பட்டவர்கள், முழு மயக்கம் கொடுக்கப்பட்டவர்கள் என்று பிரித்து ஒப்பிட்ட இரண்டு பெரிய ஆய்வுகள் 2021-இல் வெளிவந்தன. குழப்பம் வருவதில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஆகவே மயக்க மருந்தின் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டு மற்ற காரணங்களைத் தேடாமல் இருந்துவிட வேண்டாம். இரண்டாவது, கவனிப்பால் பலன் உண்டு என்பதற்குச் சான்று இருக்கிறது: 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், இடுப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்ட 126 முதியவர்களில், முதியோர் மருத்துவர் தினமும் வந்து பார்த்த பிரிவில் 32 சதவீதத்தினருக்கும், வழக்கமான கவனிப்பு பெற்ற பிரிவில் 50 சதவீதத்தினருக்கும் டெலிரியம் வந்தது. பலர் சில நாள்களில் தெளிவார்கள். சிலருக்கு வாரங்கள், மாதங்கள்கூட ஆகும். முன்பே மறதி இருந்தவர்கள் பழைய நிலைக்கு முழுமையாகத் திரும்பாமல் போவதும் உண்டு. விழுவதற்கு முன் வீட்டுக் கணக்கு, மாத்திரை எல்லாம் தாமே பார்த்துக்கொண்டார்களா என்பதை அங்குள்ள மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.

மீண்டும் கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. சோடியம் குறைந்திருந்தது, அதற்கு மருத்துவம் நடக்கிறது. சிறுநீர்க் குழாயை நேற்று எடுத்துவிட்டார்கள். ஆபரேஷனுக்குக் கழற்றிக் கொடுத்த கண்ணாடி, அன்றிலிருந்து அத்தையின் கைப்பையிலேயே இருந்திருக்கிறது. இன்று காலை அதைப் போட்டுவிட்டதும் அப்பச்சியைப் பெயர் சொல்லி அழைத்து, முற்றத்தில் காய்ந்த வற்றலை யார் அள்ளி வைத்தது என்று கேட்டார்கள். மாலையில் இன்னும் சற்றுத் தடுமாறுகிறார்கள். கையைக் கட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். இன்றிரவு பக்கத்தில் இருப்பது அத்தையின் முறை.