சோதனைச் சேணமா, சாரக்கட்டா?

> டெஸ்ட் ஹார்னஸ் – சோதனைச் சேணம்
> டெஸ்ட் சூட் – சோதனைத் தொகுப்பு
> ஸ்கிப்டு – தவிர்க்கப்பட்டது
> ஃபிளேக்கி டெஸ்ட் – நிலையற்ற சோதனை

வணக்கம்.

மேலே இருப்பவை, மென்பொருள் சோதனை தொடர்பான ஆங்கிலச் சொற்களுக்கு நம் சொற்பட்டியலில் உள்ள தமிழ்ச் சொற்கள். அவற்றில் முதல் சொல்லோடுதான் எனக்குப் பெரிய வழக்கு. அகராதியைப் புரட்டினால் ஹார்னஸுக்குச் சேணம் என்று வரும், சரி. ஆனால் குதிரையை விட்டுவிட்டு, அந்தப் பகுதி என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

லினக்ஸில் முதல் செயல்முறையாக எழுந்து மற்றச் சேவைகளைத் துவக்கும் சிஸ்டம்டி போன்ற ஒரு திட்டத்தில் இரண்டு வகைச் சோதனைகள் உண்டு. ஒரு செயற்கூறு சரியான மதிப்பைத் தருகிறதா என்று பார்க்கும் சின்னச் சோதனைகளை, நிரலைக் கட்டும் கருவியான மெசான் நேரடியாகவே ஓட்டிவிடும். கணினி துவங்கும்போது சேவைகள் ஒழுங்காக எழுகின்றனவா என்று பார்ப்பது வேறு கதை. நம் சொந்தக் கணினியின் முதல் செயல்முறையை வைத்து விளையாட முடியாது. ஒரு வட்டுப் படிமம் கட்டி, அதை க்யூஎமு மெய்நிகர் கணினியிலோ என்ஸ்பான் கொள்கலனிலோ துவக்கி, உள்ளே சோதனையை ஓட்டி, முடிவையும் பதிவுகளையும் வெளியே எடுத்து, கடைசியில் எல்லாவற்றையும் கலைக்க வேண்டும். இந்த மொத்த ஏற்பாடும்தான் ஹார்னஸ்.

கட்டட வேலையில் இதற்குச் சொல் தயாராக இருக்கிறது: சாரம். வேலை செய்பவர் நிற்க இடம் தரும். ஆனால் கட்டடத்தின் பகுதி ஆகாது. வேலை முடிந்ததும் பிரித்துவிடுவார்கள். ஆகவே என் பரிந்துரை ‘சோதனைச் சாரக்கட்டு’. வெறும் சாரம் என்றால் பிழிவு, சுருக்கம் என்ற பொருளும் வந்து குழப்பும். ‘கட்டு’ சேர்த்தது அதற்காகத்தான்.

இதில் வினைகளும் கூடவே கிடைக்கின்றன. சோதனைக்கு முன் ஆயத்தம் செய்யும் செட்டப் என்பது சாரம் கட்டுதல், பின் கலைக்கும் டியர்டவுன் என்பது சாரம் பிரித்தல். “சாரம் பிரிக்கையில் பிழை” என்று பதிவில் வந்தால், சோதனை ஓடி முடிந்துவிட்டது, பிறகு கலைக்கும்போதுதான் கோளாறு என்று படித்தவுடனே தெரியும். சேணத்துக்கும் பூட்டு, அவிழ் என்ற வினைகள் உண்டுதான். ஆனால் ‘பூட்டு’ ஏற்கெனவே லாக்குக்குப் போய்விட்டது. கோப்புப் பூட்டுகளைச் சோதிக்கும் ஒரு நிரலின் ஆவணத்தை எழுதிப் பாருங்கள், வேடிக்கை புரியும்.

தொகுப்புக்கும் இதே கதிதான். கம்பைல் செய்வது தொகுத்தல், பேக்கேஜும் சில இடங்களில் தொகுப்பு. இதற்கு மேல் டெஸ்ட் சூட்டையும் அதன் தலையில் ஏற்ற வேண்டாமே. ‘சோதனைத் திரட்டு’ போதும். வரிசை என்று ஒருவர் முன்பு சொன்னார்; மெசான் தன் இயல்பில் சோதனைகளை இணையாக ஓட்டுகிறது, அங்கே வரிசையே கிடையாது.

‘தவிர்க்கப்பட்டது’ என்றால் யாரோ வேண்டுமென்றே ஒதுக்கியது போல ஒலிக்கிறது. நடப்பது அதுவல்ல. ரூட் (நிர்வாகி) உரிமை இல்லை, மெய்நிகர் கணினியை ஓட்ட உதவும் கேவிஎம் இல்லை என்று கண்டதும் சோதனை தானே 77 என்ற குறியீட்டோடு வெளியேறுகிறது. இன்னொரு கட்டும் கருவியான ஆட்டோமேக்கிலும் மெசானிலும் இந்த எண்தான். லினக்ஸ் கெர்னலின் சொந்தச் சோதனைகளான கேசெல்ஃப்டெஸ்டில் மட்டும் 4. ‘விலகியது’ என்றால் செய்தவர் யார் என்பதில் குழப்பமில்லை. 99 வந்தால் அது ‘பிழை’. அதைத் ‘தோல்வி’ என்று எழுதாதீர்கள். சோதிக்க வேண்டியதைச் சோதிக்கும் நிலைக்கே அது வரவில்லை. இந்த இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால், படிப்பவர் நிரலில் பிழை தேடிக்கொண்டிருப்பார், சிக்கலோ சாரக்கட்டில் இருக்கும்.

அப்புறம், ‘நிலையற்ற’ என்பதை டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலின் அன்ஸ்டேபிள் கிளைக்குப் பலர் எழுதுகிறோம். அதே டெபியனில் பொதிகளைச் சோதிக்கும் ஆட்டோபிகேஜிடெஸ்டில் ஃபிளேக்கி என்றும் ஓர் அடையாளம் உண்டு. அது உள்ள சோதனை தோற்றாலும் பொதியைத் தடுக்காது. இரண்டும் ஒரே பத்தியில் வந்தால் தீர்ந்தது. எனவே ‘ஊசலாடும் சோதனை’. நிரல் மாறாமலே ஒருமுறை தேறி, மறுமுறை தோற்பதை இது காட்டுகிறது. நீளம்தான் குறை. ‘ஊசல்’ என்று சுருக்கலாமா என்றால், ஊசிப்போன சோறு நினைவுக்கு வருகிறது. சில சோதனைகளுக்கு அதுவும் பொருந்தும் என்பது வேறு விஷயம்.

ஃபிக்ஸ்சருக்கு, அதாவது சோதனைக்கென முன்கூட்டியே தயாராக வைக்கும் தரவுக்கும் சூழலுக்கும், என்னிடம் சொல் இல்லை. ‘முன்னமைவு’ என்று போடலாமென்றால், அது சிஸ்டம்டியின் கட்டளையான சிஸ்டம்சிடிஎல்லில் உள்ள ப்ரீசெட்டோடு (எந்தச் சேவைகள் இயல்பில் இயக்கப்பட வேண்டும் என்ற அமைப்பு) மோதுகிறது. யாரிடமாவது வேறு சொல் இருந்தால் எழுதுங்கள். மற்ற நான்கையும் மறுப்பு வராவிட்டால் சொற்பட்டியலில் மாற்றிவிடுகிறேன்.