புதுப்பிப்பு: மஞ்சள் கேசட் ஓடுகிறது

செவ்வாய்ப்பேட்டை பழைய சாமான் கடையில் கிடைத்த மஞ்சள் டிவி கேம் கேசட்டை ஓட வைக்க என்ன வழி என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். ஸ்டிக்கர் பாதி கிழிந்திருந்தது, போட்டால் வெறும் சாம்பல் திரைதான்.

சரி, இப்போது ஓடுகிறது. திறந்து பார்த்தால் சிப் இருக்க வேண்டிய இடத்தில் தார்ச் சொட்டு மாதிரி கருப்பு எபாக்ஸி பிசின். இயந்திரத்தில் செருகும் 60 பின்களிலும் பச்சைக் களிம்பு. ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் பட்ஸை நனைத்துத் தேய்த்தேன். எட்டு பட்ஸ் கறுத்த பிறகு செம்பு மினுங்கியது.

விளையாட்டின் பெயர் சொமாரி. செகாவின் 16-பிட் கேம் இயந்திரமான மெகா டிரைவுக்கு 1991-ல் வந்த சோனிக் என்ற முள்ளெலி விளையாட்டை, தைவானின் ஹம்மர் டீம் என்ற குழு 1994-ல் உரிமம் இல்லாமல் நிண்டெண்டோவின் பழைய 8-பிட் இயந்திரமான ஃபேமிகாமுக்குக் கொண்டுவந்தது. சோனிக்குக்குப் பதில் நிண்டெண்டோவின் நாயகன் மாரியோ ஓடுகிறார்! அசல் விளையாட்டில் தண்ணீருக்குள் போகும் லாபிரிந்த் மண்டலம் என்ற கட்டம் இதில் இல்லை. ஆனால் 1992-ல் சோனிக் இரண்டாம் பாகத்தில் வந்த, நின்ற இடத்திலேயே சுழன்று பாயும் ஸ்பின் டேஷ் இருக்கிறது. 16-பிட் விளையாட்டின் மேடு பள்ளங்களையும் வட்டப் பாதைகளையும் இவ்வளவு சின்ன இயந்திரத்துக்குள் அடக்கியது சாதாரண வேலை இல்லை. எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை.

ஞாயிற்றுக்கிழமை அம்மாபேட்டையில் பெரியப்பா வீட்டுக்கு எடுத்துப் போனேன். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தில் டிவி இசையே கேட்கவில்லை. அண்ணன் பார்த்ததும், "டேய், லீவுல ஆடுனோமே, அதேதான்டா!" என்று கன்ட்ரோலரைப் பிடுங்கிக்கொண்டார். மூன்றாவது மண்டலம் வரை திருப்பித் தரவே இல்லை.

அப்புறம், ஆல்கஹால் யோசனை சொன்னவருக்கு மனமார்ந்த நன்றி.