1996 மொடக்குறிச்சி தேர்தல்: யாரிடமாவது ஏதாவது இருக்குங்களா?

எல்லாருக்கும் வணக்கமுங்க. 1996 சட்டமன்றத் தேர்தலில் ஈரோட்டுப் பக்கம் மொடக்குறிச்சித் தொகுதியில் 1033 பேர் போட்டியிட்டார்களே, அதை வைத்து ஒரு குறுநாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த 1033-இல் எங்கள் அப்பாருவும் (தாத்தா) ஒருவர்.

விவசாயிகள் பிரச்சினையை யாரும் காதில் போட்டுக்கொள்ளாத கோபத்தில், அன்றைக்கு டெபாசிட் 250 ரூபாய்தானே என்று ஆளாளுக்கு மனுப் போட்டுவிட்டார்கள். தேர்தலையே ஒரு மாதம் தள்ளிவைத்தார்கள். வாக்குச்சீட்டு புத்தகமாகவே ஆகிப்போனது. அந்த வருடமே டெபாசிட்டை 5000 ஆக்கியதும் நடந்தது. (ஏழை விவசாயி கேள்வி கேட்டால் கட்டணத்தை ஏற்றுவதுதான் பதில் போல!)

அப்பாரு இப்போது இல்லை. டிரங்குப் பெட்டியில், பஞ்சாங்கத்துக்குள் மடித்து வைத்த டெபாசிட் ரசீது மட்டும் கிடைத்தது; மடிப்பெல்லாம் மஞ்சள்தூள். ஆத்தாவைக் கேட்டால், "நானே அவருக்குப் போடுல கண்ணு. பொரட்டிப் பொரட்டிப் பேரு சிக்குல, எங்கியோ குத்திப்போட்டு வந்துட்டேன்" என்கிறார்.

எனக்கு வேண்டியது: அன்றைய துண்டு நோட்டீஸ், போட்டோ, பத்திரிகைக் கத்தரிப்பு எதுவானாலும். முக்கியமாக, அந்த வாக்குகளை எண்ணிய ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள் யாராவது இங்கே இருந்தால் ஒரு அரைமணி நேரம் பேச முடியுங்களா? அவ்வளவு தடிமன் சீட்டை எப்படி மடித்துப் பெட்டியில் போட்டார்கள் என்பதிலேயே என் மூன்றாவது அத்தியாயம் நிற்கிறது. ஏற்கெனவே யாராவது இதைக் கதையாக எழுதியிருந்தாலும் சொல்லுங்க. ஈரோடு, அவல்பூந்துறை, சிவகிரி எங்கே என்றாலும் நேரில் வந்துவிடுவேன்.