ரைஸ் குக்கரில் முடிகிற சாப்பாடு சொல்லுங்களேன்

அக்கா, அண்ணன் எல்லாருக்கும் வணக்கம். எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறாள். உதவிக்கு வந்திருந்த மாமியார் திருச்சிக்குத் திரும்பிவிட்டார். சிங்கப்பூரில் ஈசூன் வீட்டில் இனி நாங்கள் இருவர்தான். தூக்கமே இல்லை, சமையலும் அவ்வளவாகப் பழக்கமில்லை.

இப்போதைக்குக் கைகொடுப்பது பொங்கல்தான். 1 டம்ளர் அரிசி, அரை டம்ளர் பாசிப்பருப்பு, நாலரை டம்ளர் தண்ணீர், மிளகு, சீரகம், இஞ்சி, உப்பு எல்லாம் குக்கரில் போட்டுப் பொத்தானைத் தட்டினால் போதும். பிள்ளை பால் குடித்துத் தூங்குவதற்குள் வெந்துவிடும். ஆனால் தினமும் மனைவிக்கு அதையே கொடுக்க மனசு வரவில்லை. பால் கொடுக்கிறவள், நன்றாகச் சாப்பிட வேண்டும்.

இதுபோல ஒரே பாத்திரத்தில் ஆகிறது வேறு என்ன இருக்கிறது? பூண்டுக் குழம்பை மொத்தமாக வைத்து ஃப்ரீசரில் வைக்கலாமா? முருங்கைக்கீரை தேக்கா சந்தையில் வாங்கிவிடுவேன். உருவத்தான் நேரமில்லை, சுலபமான வழி உண்டா? அளவோடு சொன்னால் புண்ணியமாகப் போகும்.