நாகமலை அடிவார மனையில் நாட்டுப் பூச்செடிகள்: எதை, எப்போது விதைப்பது?

நாகமலைவாசி:
நாகமலை புதுக்கோட்டை பக்கம் எட்டு சென்ட் மனை கிடக்கிறது, வீடு கட்ட இன்னும் நாளாகும். சீமைக்கருவேலை வேரோடு எடுத்தாச்சு, இப்போது செம்மண்ணும் சரளையும்தான். நர்சரியில் கேட்டால் அரளி, காகிதப்பூ என்றே தள்ளிவிடுகிறார்கள். மழை முடிந்ததும் அடிவாரத்தில் தானாகப் பூக்கிறதே, அது மாதிரிதான் வேண்டும். தினம் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. மலையிலிருந்து செடியைப் பிடுங்கி நட்டால் பிடிக்குமா?

மேலூர்க்காரன்:
பிடுங்காதீங்க. ஆவாரைக்கு ஆணிவேர் ஆழமாக இறங்கியிருக்கும், பாதியில் அறுந்தால் செடி காய்ந்துவிடும். வனத்துறை இடமாக இருந்தால் வம்பு வேறு. எங்கள் பக்கம் அரிட்டாபட்டியை 2022-லேயே பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்துவிட்டார்கள், அங்கே கை வைக்கவே வேண்டாம். ரோட்டோர ஆவாரையில் தட்டையான காய் பழுத்து பழுப்பாகி, ஆட்டினால் விதை உள்ளே சலசலக்கும்போது பறியுங்கள். தோல் கெட்டி, அதனால் கொதித்து இறக்கிய வெந்நீரில் போட்டு ராத்திரி முழுக்க ஊறவிட்டு, உப்பிய விதையை மட்டும் போடுங்கள். ஆனால் ஐப்பசி மழை விழுந்து மண் நன்றாக நனைந்த பிறகுதான், ஊறிய விதை காய்ந்த மண்ணில் கிடந்தால் வீண்.

செக்கானூரணி அக்கா:
கூடவே கொழுஞ்சியும் தூவுங்க தம்பி. ஊதாவும் ரோஸும் கலந்த சின்னப் பூ, வேர் முடிச்சில் தழைச்சத்து சேரும், அந்தச் சரளை மண்ணுக்கு அதுதான் தேவை. தரையோடு படர விஷ்ணுகிராந்தி. சட்டைப் பொத்தானைவிடச் சின்ன நீலப்பூ, காலையிலேயே போய்ப் பார்த்துவிட வேண்டும், வெயில் ஏறினால் சுருங்கிவிடும். தும்பையும் சிறுபூளையும் நீங்கள் போடாமலே வரும், தை பிறக்கும்போது காப்புக்கட்ட வெளியே அலைய வேண்டாம். உண்ணிச்செடி முளைத்தால் மட்டும் தயவு பார்க்காதீங்க, அமெரிக்காவிலிருந்து வந்தது, புதராகி எல்லாவற்றையும் அமுக்கிவிடும்.

திண்டுக்கல் தம்பி:
காந்தள் வைக்கலாமே? மாநிலப் பூ. ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காகவே பயிர் செய்கிறார்கள்.

செக்கானூரணி அக்கா:
அழகுதான், யார் இல்லை என்றது. ஆனால் கிழங்கு, விதை எல்லாமே விஷம். வேலி இல்லாத மனை, தெருப்பிள்ளைகள் விளையாடும் இடம். என்னைக் கேட்டால் வேண்டாம்.

நாகமலைவாசி:
சரி அக்கா, காந்தள் இல்லை. ஆட்டுக்கு என்ன செய்வது? சாயங்காலம் ஒரு மந்தையே வருகிறது.

மேலூர்க்காரன்:
கிளுவைப் போத்து வெட்டி நெருக்கமாக ஊன்றுங்கள், வேலிக்கு அதுதான் சரி. அது வளர்கிற வரைக்கும் வெட்டிய சீமைக்கருவேல் முள்ளையே சுற்றிப் போடுங்கள்.