ஒக்டோபர் தொடக்கம், வன்னி, இரண்டு பிள்ளைகள், சைக்கிள்: எங்கே தங்கலாம்?

பனிநாட்டுக்காரி:
வணக்கம். நாங்கள் இருப்பது ஒஸ்லோவில். இங்கே பள்ளிக்கூடங்களுக்கு 40ஆம் வாரம் இலையுதிர்கால விடுமுறை, அதாவது செப்டெம்பர் கடைசி, ஒக்டோபர் தொடக்கம். அதோடு இன்னும் ஒரு கிழமை லீவு எடுத்து ஊருக்கு வரலாம் என்று யோசிக்கிறோம். போன தடவை பத்து நாளில் பதினேழு வீட்டுக்குப் போனோம், எல்லா வீட்டிலும் சோடா, கேக், மிக்சர், பிள்ளைகள் கதிரையில் இருந்து போனை நோண்டியதுதான் மிச்சம். இங்கே சனி, ஞாயிறு என்றால் காட்டுக்குள் நாலைந்து மணி நேரம் நடக்கிற பிள்ளைகள் அவர்கள் (மகனுக்கு 14, மகளுக்கு 11). இந்த முறை ஓரிடத்தில் ஐந்தாறு நாள் தங்கி, சைக்கிள் ஓடி, நடந்து, தண்ணீரில் இறங்கி உடம்பை அசைக்க வேண்டும். அம்மாவின் ஊர் முள்ளியவளை, ஆகவே வன்னி என்பது முடிவு. வன்னியில் எங்கே? இரணைமடுவா, முல்லைத்தீவுக் கடற்கரையா, மன்னார்ப் பக்கமா? மழை குழப்புமா? நீச்சல்குளம் வைத்த ஹோட்டல் எல்லாம் தேவையில்லை.

குளக்கட்டு:
நான் ஒட்டுசுட்டான் ஆள், அதனால் என் ஊருக்குத்தான் வக்காலத்து வாங்குவேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் வருகிற நேரம் நல்ல நேரம் அக்கா. சோளகம் (தென்மேற்குக் காற்று) அடங்கியிருக்கும், வாடை (வடகிழக்குக் காற்று) தொடங்கியிருக்காது. ஆடி மாதத்தில் இங்கே சோளகத்துக்கு எதிரே சைக்கிள் மிதித்துப் பார்த்தவனுக்குத்தான் இதன் அருமை தெரியும். ஒக்டோபர் தொடக்கத்து மழை என்றால் பின்னேரம் இடி முழக்கத்தோடு வந்து கொட்டிவிட்டுப் போகிற மழைதான், நாள்கணக்கில் நின்று பெய்கிற மாரி அதற்குப் பிறகு. விடிய ஆறு மணிக்கு வெளிக்கிட்டுப் பத்து மணிக்குள் திரும்பிவிட்டால் மழையும் இல்லை, வெயிலும் பிடிக்காது.

குளம் பார்ப்பதென்றால் வான் பாயும்போது, அதாவது நிரம்பி வழியும்போது, பார்க்கவேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். அது மார்கழிக் கதை. அப்போது வயல் வீதியில் சைக்கிள் உங்களைச் சுமக்காது, நீங்கள்தான் சைக்கிளைச் சுமப்பீர்கள். ஒக்டோபரில் முத்தையன்கட்டுக் குளம் வற்றி உள்ளே போயிருக்கும். கரைச் சேறு ஓடு ஓடாக வெடித்து, எருமைக் கால் பதிந்த குழிகளில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் கிடக்கும், ஒவ்வொரு குழியாகப் பார்த்துக் கொக்கு குத்திக்கொண்டு போகும். மிச்சத் தண்ணீர் ஒரே இடத்தில் ஒடுங்குவதால் பறவையும் அங்கேதான். எனக்கு வான் பாய்வதை விட இதுதான் பிடிக்கும், ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

இன்னொன்று, அது காலபோகம், அதாவது மாரிக்கால நெல் விதைப்பு, தொடங்குகிற காலம். மானாவாரி வயல்களில் மழைக்கு முன்னமே புழுதி விதைப்பு நடக்கும். உங்கள் மகனிடம் ஒரு மண்வெட்டியைக் கொடுத்து வரம்பு செதுக்கச் சொன்னால் நோர்வே மலையெல்லாம் அரை மணி நேரத்தில் மறந்துபோகும். சைக்கிளில் தான்தோன்றீஸ்வரர் கோயிலுக்குப் போகலாம். குரக்கன் தாளைக் கொளுத்தியபோது ஓரிடம் மட்டும் வேகாமல் நின்றதாம், அங்கே இலிங்கம் இருந்ததாம், அதுதான் அந்தக் கோயிலின் கதை. கற்சிலைமடுவும் பக்கம்தான், வன்னியின் கடைசி மன்னன் பண்டாரவன்னியனை 1803 ஒக்டோபர் 31இல் தோற்கடித்ததாக வெள்ளைக்காரன் கல் நட்ட இடம். முள்ளியவளைக்கு ஒரு காலைப் பொழுதில் ஓடிப் போய்விடலாம்.

பெருக்கமரம்:
மன்னாரை யாரும் கண்டுகொள்ளவில்லை, அதனால் நான் வருகிறேன். (மன்னார்த் தீவை வன்னி என்று சொன்னால் இரண்டு பக்கமும் சண்டைக்கு வரும், அது வேறு.) நிலம் தட்டை, ஏற்றம் இறக்கம் கிடையாது. பெருநிலப்பரப்பில் கட்டுக்கரைக்குளம், தீவுக்குப் போகிற வழியில் வங்காலை, அது 2010இல் இருந்து ராம்சார் ஈரநிலம், அதாவது உலக அளவில் முக்கியமென்று பட்டியலிட்ட ஈரநிலம். ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும், ஒக்டோபர் முதல் கிழமை என்றால் வங்காலைக்கு இன்னும் காலம் வரவில்லை. வெளிநாட்டுப் பறவைகள் அப்போதுதான் வரத் தொடங்கியிருக்கும், பூநாரைக் கூட்டம் பார்ப்பதென்றால் மாரி பிடித்த பிறகு வரவேண்டும். நிழலும் குறைவு. பிள்ளைகளுக்குப் பறவைப் பைத்தியம் இருந்தால் ஒரு நாள் வாருங்கள், இல்லாவிட்டால் மேலே தம்பி சொன்னதுதான் சரி.

ஒட்டுப்போட்ட டியூப்:
இடம் பற்றி எனக்குச் சண்டை இல்லை. வேறு சில விஷயம்.

சைக்கிளை ஊரிலேயே சொந்தக்காரரிடம் இரவல் வாங்குங்கள். போன வருடம் நான் மச்சானின் பிள்ளைகளோடு ஒரு விடுதியில் தங்கினேன், சைக்கிள் உண்டு என்று போனில் சொன்னார்கள். போனால் இரண்டு நின்றது, ஒன்றுக்குப் பிரேக் இல்லை, மற்றதுக்குச் செயினே இல்லை, கேட்டால் "தம்பி இஞ்ச ஒருத்தரும் ஓடுறேல்ல" என்கிறார். டியூப் இரண்டு மேலதிகமாகக் கொண்டு வாருங்கள். வயல் ஓரத்து முள் டயரைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

யானை. மாங்குளம், ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் பொழுதுபட்ட பிறகு சைக்கிளில் நிற்கவே கூடாது. இரவில் வெடிச்சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம், வயல்காரர் கொளுத்துகிற யானைவெடி.

மிதிவெடி அகற்றும் வேலை பல இடங்களில் இன்னும் முடியவில்லை. சிவப்புப் பலகையில் மண்டையோடு இருந்தால் அதற்கு அங்காலே ஓரடி கூட வேண்டாம். பலகை இல்லாவிட்டாலும் மாடு நடந்து தேய்ந்த பாதையை விட்டுக் காட்டுக்குள் இறங்கவேண்டாம். நோர்வேக் காடு மாதிரி நினைத்த இடத்தில் நடக்கிற காடு இல்லை இது, முக்கியமாக 14 வயதுக்காரனுக்கு இதை இரண்டு தரம் சொல்லுங்கள்.

முல்லைத்தீவுப் பக்கம் போனால் வட்டுவாகல் பாலம் வரும். ஒடுக்கமான பாலம், இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். மகன் 2009இல் இங்கே முடிந்த போரைப் பற்றிக் கேட்பான். அதைப் பாலத்தில் நின்று தொடங்கவேண்டாம், முதல் நாளே வீட்டில் இருந்து கதையுங்கள்.

பனிநாட்டுக்காரி:
எல்லோருக்கும் நன்றி. சரி, ஒட்டுசுட்டானில் நாலு நாள், முள்ளியவளையில் இரண்டு நாள். பாலத்தைப் பற்றிச் சொன்னதை இவரிடம் வாசித்துக் காட்டினேன், கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, பிறகு "நான் கதைக்கிறேன்" என்றார். மகளுக்கு ஒரே கேள்விதான்: குளத்தில் நீந்தலாமா?

குளக்கட்டு:
கூடாது. முதலை இருக்கும், வற்றின குளத்தில் சேறும் காலை இழுக்கும். தோணியில் போக ஆசை என்றால் மீன்பிடிக்கிற ஆட்களோடு கதைத்து விடியவே ஏற்றிவிடலாம், உயிர்காப்பு அங்கியை மட்டும் அங்கிருந்தே கொண்டு வாருங்கள். குளிக்க எங்கள் வீட்டுக் கிணறு இருக்கிறது, வாளியால் அள்ளி ஊற்றிப் பழகட்டும், அதுவும் உடம்புக்கு வேலைதான். மகளின் உயரத்தை எழுதுங்கள், அரைச் சைக்கிளா முழுச் சைக்கிளா என்று பார்த்து வைக்கிறேன்.